தொம்மை சொன்ன சரி

செத்துப்போன ஒரு ஆள் இரண்டு கம்பெனிகளில் இயக்குநராக இருப்பது சட்டப்படி செல்லாது என்று கம்பெனி செக்ரட்டரி பார்கவி சொன்னபோது வேதமணிக்குச் சிரிப்பு வந்தது. பார்கவி சிரிக்கவில்லை. அவள் கையில் ஒரு படிவம் இருந்தது.

“நலன் முரண் சார்,” என்றாள். “வாங்குற கம்பெனியிலயும் தொம்மை, விக்கிற கம்பெனியிலயும் தொம்மை. ஒரே ஆள் ரெண்டு பக்கமும் உக்காந்து ஓட்டுப் போட முடியாதுல்ல. ஒருத்தரை எடுத்தாகணும்.”

“சேர்மனோட மருமகன் ரெண்டு பக்கமும் இருக்காரேம்மா.”

“அவர் அறிவிச்சுட்டார் சார். ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டார்.”

“தொம்மையும் குடுத்துட்டாப் போவுது.”

“அவருக்குக் கை இல்லையே சார்.”

அவள் கேலி செய்யவில்லை. படிவத்தில் கையெழுத்து இருக்கவேண்டும் என்பது விதி. அதைத்தான் சொன்னாள்.

தூத்துக்குடியிலிருந்து கப்பலில் நான்கு நாள் போனால் வரும் இடத்தில், கடலுக்கு அடியில் ஐயாயிரம் மீட்டருக்குக் கீழே, உருளைக்கிழங்கைக் கொட்டிவைத்த மாதிரி கனிமக் கட்டிகள் கிடக்கின்றன. அவற்றை அள்ளும் வண்டிக்கு ஆமை என்று பெயர். ஒரு ஆமைக்குள் மூன்று பேர் இருப்பார்கள். ஓட்டுகிறவன் காதில் என்ன விழுகிறது, வாயில் என்ன வருகிறது, எங்கே தயங்குகிறான், நாடி எப்போது எகிறுகிறது என்று வருடக்கணக்காகப் பதிந்து, அதிலிருந்து அவனைப் போலவே யோசிக்கிற ஒன்றை இயந்திரத்தில் உருவாக்கினார்கள். அதற்கு நிழல் என்று பெயர் வைத்தார்கள். ஆமை நொறுங்கினாலும் பதிவுப் பெட்டி மட்டும் கழன்று மேலே மிதந்து வந்துவிடும். அவன் பாதி சொன்ன பேச்சை அவனே முடித்திருந்தால் எப்படி முடித்திருப்பானோ அப்படி முடித்துக்கொடுப்பதுதான் நிழலின் வேலை. ஆளில்லாத ஆமைகளை நிழல்களை வைத்து ஓட்டிவிடலாம் என்பது திட்டம். அப்படி ஆமைகள் ஓடவில்லை. நிழல்கள் மிச்சமாயின.

பிறகு விபத்துகள் வந்தன, போராட்டம் வந்தது, ஒரு சட்டமும் வந்தது. ஆழ்கடல் சுரங்கக் கம்பெனி ஒவ்வொன்றின் இயக்குநர் குழுவிலும் ஒரு நாற்காலி, அந்தக் கம்பெனியில் வேலை பார்த்து, பின்னால் கடலில் செத்த ஒரு தொழிலாளியின் நிழலுக்கு. சாவு சம்பந்தப்பட்ட எந்தத் தீர்மானமும் அந்த நாற்காலி ஒப்புக்கொள்ளாமல் நிறைவேறாது; ஒப்புக்கொண்டால் அந்தச் சாவு பற்றிய வழக்கும் அதோடு முடியும். நிழலுக்குத் தாள்களை வாசித்துக் காட்டவும், அது சொல்வதை மற்றவர்களுக்கு விளக்கவும் உயிருள்ள ஒரு ஆள் பக்கத்தில் உட்காரவேண்டும். அவருக்குத் துணை என்று பதவிப் பெயர்.

தொம்மை மோத்தா முதல் ஒன்பது வருடம் கீழ்க்கடல் கம்பெனியில் ஆமை ஓட்டினான். அடுத்த ஐந்து வருடம் முத்துக்கரை கம்பெனியில் ஓட்டி அங்கே செத்தான். கீழ்க்கடல் தன்னிடமிருந்த பழைய பதிவை வைத்து ஒரு தொம்மையை உட்கார வைத்தது. முத்துக்கரை தன் பதிவை வைத்து இன்னொரு தொம்மையை உட்கார வைத்தது. செத்தவர்கள் வேறு பலரும் இருந்தார்கள். அவர்கள் எதிர்த்துப் பேசக்கூடியவர்கள். தொம்மை எதற்கும் சரி என்று சொல்கிற ஆள்.

இப்போது கீழ்க்கடல் முத்துக்கரையை வாங்குகிறது. இரண்டும் ஒன்றாகின்றன.

“எந்தத் தொம்மையை எடுக்கப்போறாங்க?” என்று வேதமணி கேட்டார்.

“நம்ம தொம்மையைத்தான் சார். கீழ்க்கடல் தொம்மைக்கு விபத்துல எந்த நலனும் இல்ல. அவருக்குத் தான் செத்ததே தெரியாது. அவர்தான் நடுநிலையா இருப்பார்னு வக்கீல் எழுதிக் குடுத்துட்டார்.” அவள் படிவத்தைத் திருப்பினாள். “வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ரெண்டு குழுவுக்கும் சேர்த்துக் கூட்டம். நீங்கதான் வாசிக்கணும். அன்னைக்கு அஞ்சு மணிக்கு நம்ம தொம்மையை நிறுத்தி, பதிவையும் அழிச்சிடுவாங்க.”

வேதமணி தலையாட்டினார். ஆறு வருடமாக அவர் முத்துக்கரையின் இந்தத் தொம்மைக்குத் துணை. அதற்கு முன் பதினோரு வருடம் தாய்க்கப்பலின் கன்ட்ரோல் ரூமில் மைக் முன்னால் உட்கார்ந்து ஆமைகளுக்கு வழி சொன்னவர். தொம்மையின் கடைசி நாளிலும் மைக்கில் இருந்தது அவர்தான்.

கடல் தண்ணீருக்குள் ரேடியோ போகாது. குரலை ஒலியாகத்தான் இறக்கவேண்டும். அது ஐயாயிரம் மீட்டருக்கு மேல் இறங்க மூன்றரை விநாடி. பதில் ஏறி வர மூன்றரை விநாடி. மேலே ஒரு வார்த்தை சொன்னால் ஏழு விநாடி காத்திருக்கவேண்டும். வேதமணி அந்த ஏழையும் மேஜையில் விரலால் தட்டி எண்ணுவார். ஏழாவது தட்டுக்குக் கீழிருந்து ‘சரி’ வரும். நீளமான பேச்சு தண்ணீரில் குழம்பிவிடும், சரி குழம்பாது. அதனால் ஆமைக்காரர்கள் எல்லோருக்கும் அதுவே வழக்கமானது. சரி என்றால் காதில் விழுந்தது என்று அர்த்தம். ஒத்துக்கொண்டானா இல்லையா என்பது அதற்கப்புறம் வருகிற பேச்சு.

அந்தக் கார்த்திகை மாதம் புயல் வந்துகொண்டிருந்தது. ஆமை ஒரு மேட்டின் ஓரத்தில் நின்றது. அந்த மேடு நிலையில்லாதது என்று இரண்டு நாளுக்கு முன்பே அளவெடுத்தவர்கள் எழுதியிருந்தார்கள். கம்பெனி அதை மடித்து வைத்துவிட்டது. கீழிருந்து தொம்மை, அடியில் மண் இளகின மாதிரி இருக்கிறது என்றான். வேதமணி கேப்டனைத் திரும்பிப் பார்த்தார். புயலுக்கு முன் இன்னொரு லோடு வந்தாகவேண்டும் என்று கேப்டன் அவர் தோளைப் பிடித்து உலுக்கினான். வேதமணி மைக்கில், நாற்பது மீட்டர் முன்னால் போய் அள்ளிவிட்டுத் திரும்பிவிடு, போ என்றார். கீழிருந்து சரி என்று வந்தது. அப்புறம் ஒரு இரைச்சல். அப்புறம் ஒன்றுமில்லை. அன்று அவர் விரல் மேஜையில் இல்லை.

விசாரணை மூடிய அறையில் நடந்தது. ஆபத்து என்று தோன்றினால் ஓட்டுநர் முடியாது என்று மறுக்கலாம்; ஒத்துக்கொண்டு போனால் பொறுப்பு அவனுடையது. இதுதான் விதி. உங்கள் வேலையில் சரி என்றால் என்ன அர்த்தம் என்று வேதமணியிடம் கேட்டார்கள். காதில் விழுந்தது என்று சொன்னால், அவனைப் போகச் சொன்னது யார் என்பதுதான் அடுத்த கேள்வி. வேதமணி, ஒப்புதல் என்று சொன்னார். ஓட்டுநர் தவறு என்று எழுதி முடித்தார்கள். கம்பெனி தவறு என்றால் ஆமையைத் தூக்கி உடல்களை வீட்டுக்குக் கொடுத்தாகவேண்டும். ஓட்டுநர் தவறு என்றால் வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்தால் போதும்.

மூன்று மாதம் கழித்து வேதமணி துணை ஆனார். ஏன் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

நிழலிடம் அதன் கடைசி நாளைப் பற்றிக் கேட்கக்கூடாது என்று சட்டத்தில் பதினான்காவது விதி சொல்கிறது. இரக்கத்தின் பேரில் கம்பெனிகளே கேட்டு வாங்கிச் சேர்த்த விதி அது. மொத்தச் சட்டத்திலும் வேதமணிக்குப் பிடித்த விதியும் அதுதான்.

வியாழக்கிழமை சாயங்காலம் அமலி கம்பெனி கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். தொம்மையின் மனைவி அமலோற்பவம். இறால் கம்பெனியில் உரிக்கிற வேலை. ஐஸில் கிடந்து விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. விசாரணை முடிவை எதிர்த்து அவள் போட்ட வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தது. அது நாளைக்கு ஏழாவது தீர்மானமாக வருகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பேரும் எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

“கேஸை முடிச்சிட்டா ஆமையத் தூக்கவே மாட்டாவளாம்லா அண்ணாச்சி,” என்றாள்.

அவர் டீயை ஆற்றினார்.

கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் அவரவர் குழியில் மெழுகுதிரி கொளுத்துகிறார்கள், தான் மட்டும் திரியைக் கையில் வைத்துக்கொண்டு சுவர் ஓரமாக நின்றுவிட்டு வருவதாகச் சொன்னாள். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஆமையில் கூட இருந்து செத்த சூசையின் அம்மா, கோயிலில் அமலி வந்து உட்கார்ந்தால் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விடுகிறாளாம். என் மகனைக் கொன்றவன் பொண்டாட்டி என்று போனவாரம் காதுபடவே சொல்லியிருக்கிறாள்.

“அவிய சரின்னு சொன்னாவளாம், அதனால அவிய தப்பாம். அவிய எதுக்குத்தான் சரி சொல்லல? நான் கோவத்துல மீன்சட்டியத் தூக்கித் தெருவுல எறிஞ்சேன். அப்பவும் சரின்னாவ. அதுக்காவ எறியச் சொன்னாவன்னு ஆயிருமா?”

வேதமணி சிரித்தார். அவளும் கொஞ்சம் சிரித்தாள்.

“பழைய பதிவைப் பேச விடப்போறாங்களாம். அதுக்கு என்னையக் கூடத் தெரியாது. கல்யாணத்துக்கு முந்தினது,” என்றாள். “நீங்க பக்கத்துல இருக்கீய, அது ஒண்ணுதான் தைரியம். அவிய சரின்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும்லா. நாளைக்குச் சொல்லிருங்க.”

மூடிய அறையில் அவர் என்ன சொன்னார் என்பது அவளுக்குத் தெரியாது. பார்ப்போம்மா என்றார். அவள் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் முதல் வேலை நலன் முரண் அறிவிப்பு. ஆறு பேர் வரிசையாக எழுந்தார்கள். சேர்மன் கோமதிநாயகத்தின் மருமகன் இரண்டு கம்பெனியிலும் இயக்குநர். முத்துக்கரைக்கு விலை மதிப்பிட்ட நிறுவனம் வக்கீலின் மைத்துனருடையது. இன்னொருவரின் மகள் பெயரில் கீழ்க்கடல் பங்குகள் இருந்தன. ஒவ்வொருவரும் ஒரு வரியை வாசித்துவிட்டு உட்கார்ந்தார்கள். யாரும் வெளியே போகவில்லை. நான்கு நிமிடத்தில் முடிந்தது.

இறந்தோர் நாற்காலியில் கறுப்பாக ஒரு பெட்டி இருந்தது. அதற்குள் கீழ்க்கடல் தொம்மை. குரல் இளசாக இருந்தது. வேதமணியை அது சார் என்று கூப்பிட்டது. அவரை அதற்குத் தெரியாது. ஆனால் ஏழு விநாடி பழக்கம் அதற்கும் இருந்தது. எதைக் கேட்டாலும் ஏழு விநாடி விட்டுத்தான் வாய் திறக்கும். அந்த இடைவெளியில் இயக்குநர்கள் போனைப் பார்த்துக்கொண்டார்கள்.

ஏழாவது தீர்மானத்தை வேதமணி வாசித்தார். இரண்டு கம்பெனிகளும் ஒன்றாகின்றன என்றார். ஏழு விநாடி கழித்து, சரி சார். முத்துக்கரையின் ஆமை ஒன்று விபத்தில் சிக்கிக் கடலடியில் கிடக்கிறது என்றார். சரி சார். அதில் மூன்று பேர் இறந்துபோனார்கள் என்றார்.

இந்த முறை இன்னும் கொஞ்சம் நேரம் ஆனது.

“யாரு சார்?”

வேதமணி தலையைத் தூக்கினார். சேர்மன் கையை அசைத்தார். “பேர் வேண்டாம். பேர் சொன்னா அவருக்கு நலன் முரண் வந்துரும்.”

“பேர் சொல்லக்கூடாதாம்,” என்றார் வேதமணி.

“சரி சார்.”

அது ஓட்டுநரின் தவறு என்று முடிவாகியிருக்கிறது, வழக்கை முடித்துக்கொண்டு ஆமையை அங்கேயே விட்டுவிடத் தீர்மானிக்கப்படுகிறது என்று வேதமணி கடைசி வரியை வாசித்தார். அவர் விரல் மேஜையைத் தட்டியது. ஏழாவது தட்டு.

“சரி சார். அந்த ஆளுவ வீட்ல…”

“ஒப்புதல்,” என்றார் சேர்மன். மருமகன் கையை நீட்டிப் பெட்டியின் ஒலியை அணைத்தான். “எழுதிக்கோங்க பார்கவி. அடுத்தது எட்டு.”

வேதமணி எழுந்து நின்றார். துணை தீர்மானத்தை வாசிக்கும்போது மட்டுமே எழுவது வழக்கம் என்பதால் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

“அது ஒப்புதல் இல்ல சார்,” என்றார். “காதுல விழுந்துச்சுன்னு சொல்லுதான். அவ்வளவுதான்.”

அப்புறம் மற்றதையும் சொன்னார். கடலடியில் சரி என்பதற்கு எப்போதும் அதுதான் அர்த்தம், விசாரணையில் தான் சொன்னது பொய், அன்று மைக்கில் போ என்று சொன்னது தன் வாய், அதை மறைக்கத்தான் செத்தவன் தலையில் கட்டினேன் என்றார். ஆறு வருடமாக மனதுக்குள் பெரிதாக இருந்தது, வெளியே சொன்னபோது ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை.

சேர்மன் கோபப்படவில்லை. பார்கவியிடம், வேதமணி நலன் முரண் படிவம் கொடுத்திருக்கிறாரா என்று கேட்டார். இல்லை என்றாள்.

“அன்னைக்கு மைக்ல இருந்தது நீங்க. அப்ப இந்த விஷயத்துல உங்களுக்கு நலன் இருக்கு. ஆறு வருஷமா அறிவிக்காம உக்காந்திருக்கீங்க,” என்றார் சேர்மன். “நலன் உள்ளவர் சொல்றதைக் குழு எடுத்துக்க முடியாது.”

“விசாரணையில சொன்னதை எடுத்துக்கிட்டீங்களே. அப்பவும் மைக்ல இருந்தது நாந்தான.”

“அப்ப யாரும் ஆட்சேபிக்கல.”

“இப்ப நான் சொன்னது?”

“சரி,” என்றார் சேர்மன். தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். “எட்டு.”

பார்கவி எழுதிக்கொண்டிருந்த பக்கம் வேதமணிக்குத் தெரிந்தது. ‘தொழிலாளர் இயக்குநர் சரி என்று ஒப்புதல் அளித்தார்’ என்று ஒரு வரி இருந்தது. அதற்கு இரண்டு வரி கீழே, ‘துணையின் கூற்றைத் தலைவர் செவிமடுத்தார்’ என்று எழுதியிருந்தாள். அவர் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

“அப்படித்தான் சார் எழுதுறது,” என்றாள் மெதுவாக. அந்தக் கடைசி வரியில் அவள் பொய் எதையும் எழுதவில்லை.

நிழல் அறை கீழ்த்தளத்தில் இருந்தது. நாலு மணிக்கு வேதமணி கதவைச் சாத்திக்கொண்டு பெட்டி முன்னால் உட்கார்ந்தார்.

“வாங்க அண்ணாச்சி,” என்றது தொம்மையின் குரல். “வெளிய வாடையா கொண்டலா?”

தினமும் முதல் கேள்வி இதுதான். காற்று எங்கிருந்து அடிக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அவன் வேறு பேச்சுக்குப் போனதில்லை. ஜன்னலில்லாத அறையில் இருப்பவனுக்கு அது எதற்கு என்று ஆரம்பத்தில் வேதமணி கேட்டிருக்கிறார். பழகிப்போச்சுலா என்றான்.

இன்று அவர் காற்றைச் சொல்லவில்லை. ஐந்து மணிக்கு உன்னை நிறுத்தப்போகிறார்கள் என்றார். கம்பெனி கைமாறுவதையும், இன்னொரு தொம்மை இருப்பதையும், காலையில் நடந்ததையும் சொன்னார். தான் செத்தது தொம்மைக்கு முதல் நாளிலேயே சொல்லப்பட்ட விஷயம். எப்படி என்று அவன் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

“சரி,” என்றான் தொம்மை.

அந்த ஒரு சொல் அவரை என்னவோ செய்தது. இனிமேல் எந்த விதியை மீறினால் என்ன என்று தோன்றியது.

“தொம்மை, ஒண்ணு கேக்கேன். புயல் அன்னைக்கு நான் உன்னையப் போன்னு சொன்னேன். நீ சரின்ன. அப்ப மனசுக்குள்ள என்னல நெனச்ச?”

ஏழு விநாடி.

“எப்பச் சொன்னீய?”

“கடைசியா. நாப்பது மீட்டர் முன்னால போய் அள்ளிட்டுத் திரும்புன்னு.”

“எனக்கு அப்படி ஒண்ணும் வரலியே அண்ணாச்சி.”

கேட்டது எல்லாம் உன் பதிவில் இருக்குமே, நன்றாகப் பார் என்றார் வேதமணி. பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன் என்றான்.

“மண்ணு இளகுதுன்னு சொல்லிட்டு உங்க பதிலுக்காவ நின்னுக்கிட்டு இருந்தேன். சூசைகூட, அண்ணாச்சி தூங்கிட்டாரான்னு சிரிச்சான். அதுக்குள்ள பின்பக்கம் பொளந்துட்டு வந்துட்டு. சரியுது அண்ணாச்சி, தூக்குங்கன்னு சொல்ல வாயெடுத்தேன்.” கொஞ்சம் நிறுத்தினான். “சொல்லி முடிச்சேனா?”

வேதமணி பெட்டியை நோக்கிக் குனிந்தார்.

“‘சரி’ வரைக்கும்தான் வந்துச்சு,” என்றார்.

“ம்.”

வேதமணி மேஜையில் விரலை வைத்தார். போ என்று மனதுக்குள் சொல்லிவிட்டுத் தட்டினார். ஒன்று. இரண்டு. மூன்று. கேப்டனின் கை தோளில் இருந்தபோது, மூன்றாவது தட்டுக்குள், அந்தச் சரி வந்துவிட்டது. அவர் சொன்ன வார்த்தை அப்போது இன்னும் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தது. அது தொம்மையைப் போய்ச் சேரவேயில்லை. பதினோரு வருடம் ஏழு எண்ணிய ஆள், அன்று எண்ணவில்லை. விசாரணையில் கொடுத்த தாளில் அவர் வரிக்குக் கீழே அவன் வரி இருந்தது. இரண்டுக்கும் நடுவில் எத்தனை விநாடி என்று தாளில் இல்லை.

யாருக்கும் கேட்காத ஒரு உத்தரவை மறைக்க அவர் பொய் சொல்லியிருக்கிறார். அவர் கொல்லவில்லை. தொம்மையும் கொல்லவில்லை. மேடு சரிந்தது, அங்கே நிறுத்தியது கம்பெனி. அன்றைக்கு அந்த அறையில் உண்மையைச் சொல்லியிருந்தால் யாராவது, அப்புறம் அழிக்கப்பட்ட அந்த ஒலிநாடாவைப் போட்டு விநாடியைப் பார்த்திருப்பார்கள். பார்த்திருந்தால் மூன்று பேரும் இந்நேரம் கல்லறை மண்ணுக்குள் இருந்திருப்பார்கள். அது போகட்டும். ஆறு வருடத்தில் எந்த நாளிலாவது, காற்றைச் சொன்ன பிறகு, இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருக்கலாம்.

“அமலி எப்படி இருக்கா?” என்றான் தொம்மை.

“இருக்கா.”

“மீன்சட்டி எறியதை விட்டுட்டாளா?”

கதவைத் தட்டிவிட்டு டெக்னீஷியன் உள்ளே வந்தான். ஐந்து மணி ஆகிவிட்டது என்றான். இன்னும் நிறுத்தக்கூடாது, இவன் இப்போது சொன்னதைக் கோர்ட்டில் சொல்லவேண்டும் என்றார் வேதமணி. அவன் சங்கடத்தோடு கையிலிருந்த தாளைப் பார்த்தான்.

“முடியாது,” என்றார் வேதமணி. “நான் துணை. நான் ஒத்துக்க மாட்டேன்.”

“உங்க கையெழுத்து தேவையில்ல சார். உங்களுக்கு நலன் இருக்குன்னு மேல முடிவாயிருச்சு.” மரியாதையாகத்தான் சொன்னான். அவரைச் சுற்றிக்கொண்டு போய்ச் சுவரோரம் குனிந்தான்.

“அண்ணாச்சி,” என்றான் தொம்மை. “வாடையா கொண்டலா, சொல்லவே இல்லியே.”

“வாடை,” என்று வேதமணி சொன்னபோது பெட்டியின் பச்சை விளக்கு அணைந்திருந்தது.

கேட்டுக்கு வெளியே அமலி அதே பெஞ்சில் இருந்தாள். அரை நாள் லீவு போட்டிருக்கிறாள். வேதமணி பக்கத்தில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார். தீர்மானம் நிறைவேறிவிட்டதைச் சொன்னார். மூடிய அறையில் தான் சொன்னதைச் சொன்னார். பிறகு தொம்மை கடைசியாகச் சொல்ல வந்த வார்த்தையை, முழு வார்த்தையாகச் சொன்னார். அதற்கு இனி அவரைத் தவிரச் சாட்சி இல்லை. அவர் சாட்சி செல்லாது. அதையும் சொன்னார்.

உப்பு ஏற்றிய லாரிகள் இரண்டு போயின. அமலி அவை போகும்வரை ரோட்டையே பார்த்தாள்.

“சரியுதுன்னு சொன்னாவளா,” என்றாள்.

“ஆமா.”

“தூக்கச் சொன்னாவளா.”

“ஆமா.”

“ஆறு வருசமா பக்கத்துலயே இருந்தீயளே. ஒரு வார்த்தை கேக்கலியா?”

டீக்கடைக்காரர் இரண்டு டம்ளரை வைத்துவிட்டுப் போனார். யாரும் எடுக்கவில்லை.

“ஞாயித்துக்கெழமை கோயிலுக்கு வாரேன்,” என்றார் வேதமணி. “சூசை அம்மைட்ட நானே சொல்லுதேன். எல்லாரும் இருக்கும்போது சொல்லுதேன்.”

அவள் எழுந்து சேலை முந்தானையைச் செருகிக்கொண்டாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் காத்திருந்தார். கை தானாகப் போய்ப் பெஞ்சின் முதுகில் தட்ட ஆரம்பித்திருந்தது. ஐந்து. ஆறு. ஏழு.

அமலி சரி என்று சொல்லவில்லை.